அடுத்த கட்டளை வரும்வரை

முந்தின நாள் காலை குளத்தில் திறந்த தண்ணீர் அன்று காலைதான் எங்கள் வயலுக்கு வந்து சேர்ந்தது. அப்பா மண்வெட்டியோடு வரம்பில் நின்று வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் சருகுகள் உருண்டு வந்தன. பிறகு நுரை. பிறகு செம்மண் கலங்கல். எல்லாருக்கும் பின்னால், பிந்தி வந்த விருந்தாளி மாதிரி, தண்ணீர். "நேற்று விடியத் திறந்தது. எங்களுக்கு இப்பதான் விடிஞ்சிருக்கு" என்றார் அப்பா. பல் விளக்காத வாயோடு பக்கத்தில் நின்ற எனக்கு அந்த இடத்தில்தான் அந்த யோசனை வந்தது. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது.

செவ்வாய்க்குப் போன கப்பலுக்குப் பூமியிலிருந்து ஒரு சொல் போய்ச்சேரப் பத்து, இருபது நிமிடம் பிடிக்கும் என்று பத்திரிகையின் சிறுவர் பக்கத்தில் படித்திருந்தேன். படித்தபோது அது வெறும் தகவல். வாய்க்காலில் கால் நனைந்தபோதுதான் அது எனக்குப் புரிந்தது. குளம் பூமி. எங்கள் வயல் செவ்வாய். குளத்தில் கதவு திறக்கிறவர் எங்கள் வயலைப் பார்ப்பதில்லை. நாங்கள் வாய்க்காலின் கடைசி ஆட்கள் என்பதால், இன்றைய தாகத்துக்கு இன்று தண்ணீர் கேட்டுப் பயனில்லை. நாளைய தாகத்தை இன்றே கணக்குப் பார்த்துக் கேட்க வேண்டும். அப்படியானால் விண்வெளிக் கப்பலுக்கு எழுதுகிற கட்டளையும் கப்பல் இப்போது நிற்கிற இடத்துக்கானது அல்ல, கட்டளை போய்ச்சேரும்போது அது நிற்கப்போகிற இடத்துக்கானது! அப்பா இதை எத்தனையோ போகமாகச் செய்துகொண்டிருந்தார். அதை ஒரு கண்டுபிடிப்பு என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை.

கண்டுபிடித்தால் போதுமா, யாருக்காவது சொல்ல வேண்டும். எனக்கு அக்கா தம்பி இல்லை. எங்கள் வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு அரை மைல் வயல். பள்ளிக்கூடத்தில் என்னைக் கண்டதும் "ரொக்கட் வருது, விலகுங்கோ" என்று வழிவிடுவார்கள். வழிவிட்டுவிட்டு ஒருவரும் கூட வரமாட்டார்கள். அம்மாவிடம் சொன்னேன். "முதல்ல பல்லை விளக்கிப்போட்டு வா" என்றா. மிச்சம் இருந்தவள் மேனகா ஒருத்திதான்.

மேனகாவின் வீடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், மணல் ஒழுங்கையால் போனால் காட்டோரத்து மேட்டுக்காணியில் இருந்தது. எங்கள் ஆட்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குளத்துத் தண்ணீரோடு வயல் எடுத்தவர்கள். அவளுடைய ஆட்கள் தேயிலைத் தோட்டங்களிலிருந்து ஒரு கலவரத்துக்குப் பிறகு வந்தவர்கள். அவர்களுக்குக் கிடைத்த மேட்டில் வாய்க்கால் ஏறாது. அவளுடைய அம்மா எங்கள் வயலிலும் மற்றவர்களின் வயலிலும் களை பிடுங்க வருவா. செவ்வாயும் வெள்ளியும் மட்டும் வரமாட்டா. அந்த இரண்டு நாளும் தோளில் ஒரு பையோடு பஸ் ஏறிக் கிளிநொச்சிக்குப் போவா.

"உன்ர அம்மா அங்கை என்ன வேலை செய்யிறவா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"இருக்கிற வேலை" என்றாள் மேனகா. "ரோட்டோரக் கொட்டில்ல அப்பாவின்ர படத்தை வைச்சுக்கொண்டு இருக்கோணும். காணாமல் போனவையின்ர ஆக்கள் நிறையப் பேர் அங்கை இருக்கினம்."

மேனகாவின் அப்பாவை அவள் கண்ட ஞாபகம் அவளுக்கே இல்லை. கடைசிச் சண்டை முடிந்த நாளில் இராணுவத்தால் பஸ் ஒன்றில் ஏற்றப்பட்டவர், பிறகு தகவலே இல்லை. "வருவார்" என்பாள், நாளைக்கு மழை வரும் என்பதுபோல. காட்டோரத்தில் யானை வந்து வேலியை உடைத்துவிட்டுப் போகும். ரோட்டுப் பக்கமாக வேறு காணி தருகிறோம் என்று கேட்டபோதும் அவளுடைய அம்மா மறுத்துவிட்டாவாம். "நாங்க எழும்பிப் போன பிறகு வந்தார்னா எங்க தேடுவார்?" என்று கேட்டாவாம். எனக்கு அது நல்ல நியாயமாகவே பட்டது. விலாசம் மாறினால் கடிதம் எப்படி வந்துசேரும்?

என்னுடைய யோசனையை மேனகா நின்ற நிலையில் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு, "அப்ப கப்பலுக்கு என்ன பாசை தெரியும்?" என்றாள்.

எங்கள் விண்வெளிக் கழகத்தின் முதலாவது விவாதம் அதுதான். மொத்த அங்கத்தவர்கள் இரண்டு பேர்.

பெரியம்மாவின் மகன், அண்ணா, வவுனியாவில் கொம்பியூட்டர் படித்துக்கொண்டிருந்தான். லீவுக்கு வரும்போது எனக்குத் தன்னுடைய பழைய பாடப் புத்தகத்தையும் ஒரு கட்டு போட்டோக்கொப்பியையும் தந்துவிட்டுப் போயிருந்தான். புத்தகத்தில் இருந்தது பாஸ்கல். போட்டோக்கொப்பியில் இருந்தது பைதன். பாஸ்கல் செத்துப்போன மொழி, அதைப் படித்து நேரத்தை வீணாக்காதே என்று அண்ணா சொல்லியிருந்தான். எங்கள் பள்ளிக்கூடத்தில் கொம்பியூட்டர்கள் துணி போர்த்தியபடி இருந்தன, காய்ச்சல்காரர் மாதிரி. எங்கள் வகுப்புக்கு இன்னும் அதற்கான வயது வரவில்லை. எனவே நாங்கள் இருவரும் கொம்பியூட்டரைத் தொடாமலே கொம்பியூட்டர் மொழிகளைப் பற்றிச் சண்டை பிடித்தோம். நீச்சல் தெரியாதவர்கள் கரையில் நின்று நீச்சல் போட்டிக்குத் தீர்ப்புச் சொல்வதுபோல.

நான் பைதன் கட்சி. அதில் முடிவு என்று தனியாக எழுதத் தேவையில்லை. வரியை உள்ளே தள்ளி எழுதினால் உள்ளே, வெளியே எழுதினால் வெளியே. அவசரக்காரருக்கு ஏற்ற மொழி. மேனகா பாஸ்கல் கட்சி. அதில் ஒரு தொடக்கம் எழுதினால் அதற்கு ஒரு முடிவு எழுதியே ஆகவேண்டும். எழுதாவிட்டால் வேலை செய்யாது.

"இதுதான் நல்ல பாசை" என்றாள் மேனகா. "தொடங்கினதை அந்தரத்தில விடாது."

"அது செத்த பாசையெடி."

"செத்தா என்ன, முடிச்சுப்போட்டுத்தானே செத்தது."

கடைசியில் இரண்டும் வேண்டாம் என்று நாங்களே ஒன்றை உண்டாக்கினோம். அதற்குக் கப்பல் பாசை என்று பெயர். நட, இடம், வலம், பார், எழுது, பொறு. ஆறே ஆறு கட்டளைகள். ஓட்டிப் பார்க்க இயந்திரம் இல்லாததால் ஒருவர் கொப்பியில் எழுத, மற்றவர் அதன்படி நடக்க வேண்டும். யார் பூமி, யார் கப்பல் என்பதில் எங்களுக்குள் விவாதமே வரவில்லை. கொப்பியும் பேனையும் என்னுடையவை.

மேனகா அற்புதமான கப்பல். முதல் நாள் நான் "நட 40" என்று எழுதிக்கொடுத்தேன். முப்பத்தோராவது அடியில் ஒரு பனை நின்றது. அவள் பனையில் மூக்கு முட்ட நின்று, மிச்ச ஒன்பது அடியையும் நின்ற இடத்திலேயே நடந்து முடித்தாள்.

"விலத்தி நடந்திருக்கலாமேயெடி!"

"கப்பலுக்கு மூளை இல்லையெண்டு நீதானே சொன்னனீ."

இன்னொரு நாள் ஒரு எருமையின் முன்னால் போய் நின்று என் அடுத்த வரிக்காகக் காத்திருந்தாள். எருமைக்கும் எங்கள் பாசை விளங்கியிருக்க வேண்டும். அதுவும் அசையாமல் நின்றது.

விண்வெளிப் பயணத்தைப் பற்றி அவளுக்குச் சொந்தமாகவும் கருத்துகள் இருந்தன. வழியில் சின்னச் சின்னக் குளங்கள் மாதிரி எரிபொருள் வைத்துக்கொண்டு போனால் கப்பல் பாரம் தூக்கத் தேவையில்லை என்றாள். அப்போது நான் சிரித்தேன். பிறகு பெரிய பெரிய ஆட்களும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்று படித்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அவளுடைய இன்னொரு கருத்தில்தான் எங்களுக்கு ஓயாத சண்டை. செவ்வாய்க்கு ஒருவழிப் பயணமாகப் போகலாம், திரும்பி வருவதை யோசித்துக்கொண்டிருந்தால் ஒருவரும் எங்கேயும் போகமுடியாது என்பது என் கட்சி. மேனகா அசையமாட்டாள். "திரும்பி வாறதை எழுதிப்போட்டுத்தான் போறதை எழுதோணும்" என்பாள். அவளுக்காக ஒவ்வொரு தாளின் அடியிலும் நான் "திரும்பி வா" என்று முதலே எழுதிவிடுவேன். அதைப் பார்த்த பிறகுதான் அவள் மேல் வரியைப் படிப்பாள்.

கப்பல் பாசை பழகியதும், வாய்க்கால் யோசனையின்படி, கொப்பியைக் கையில் கொடுப்பதை நிறுத்தினோம். எங்கள் வீட்டு மதகு பூமி. அங்கேயிருந்து வாய்க்கால் எங்கள் வயல்களுக்கூடாக வளைந்து, மேனகா வீட்டு ஒழுங்கையையும் தாண்டிக் காட்டோரத்தில் கடைசி மதகில் முடியும். அது செவ்வாய். மேனகா என்னுடைய மணிக்கூட்டைக் கையில் கட்டிக்கொண்டு அங்கே போய் இருப்பாள். நான் கட்டளையை எழுதி, வெறும் மாஜரீன் டப்பாவுக்குள் போட்டு மூடித் தண்ணீரில் விடுவேன். போய்ச்சேர இருபது நிமிடம். அவள் தடியால் மறித்து எடுத்து, படித்து, அதன்படி செய்து, பார்த்ததைக் கொப்பியில் எழுதிக்கொண்டு பின்னேரம் திரும்பி வருவாள். அவளிடமிருந்து எனக்கு ஒன்றும் அனுப்ப வழியில்லை. வாய்க்கால் ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் ஓடும். இதை ஒரு குறையாக நான் அப்போது எண்ணவில்லை.

தண்ணீர் முறை வைத்து வரும். எங்கள் முறை இல்லாத நாட்களில் வாய்க்கால் காயும். விண்வெளி பூட்டிக் கிடக்கும். அந்த நாட்களில் நான் முற்றத்துக் கதிரையில் இருந்து கொப்பியைத் திரும்பத் திரும்பப் படிப்பேன். மேனகாவின் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஏனோ தோன்றவில்லை. அவள்தான் எப்போதும் வருகிறவள்.

கோடையில் குளத்துத் தண்ணீரை நம்பிச் செய்கிற சிறுபோகத்தின் கடைசி முறையும் பள்ளி லீவின் கடைசிக் கிழமையும் ஒன்றாக வந்தன. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. இனி மாரி மழைக்குப் பிறகுதான் வாய்க்கால் ஓடும் என்பதால் பெரிதாக ஏதாவது செய்ய வேண்டும் என்று எனக்கு. மூன்று டப்பாக்கள் தயார்செய்தேன். முதலாவதில் மதகைச் சுற்றி ஒரு நடை. இரண்டாவதில் இப்படி எழுதினேன்: "மதகில் இரு. பத்து நிமிடத்துக்கு ஒருக்கால் சுற்றிப் பார்த்து எழுது. அடுத்த கட்டளை வரும்வரை பொறு." அடியில் வழக்கமான "திரும்பி வா" இல்லை. அதைத் தனியாக மூன்றாவது டப்பாவில் வைத்தேன். கடைசி நேரத்தில் பூமி முடிவெடுத்துக் கப்பலைத் திருப்பி அழைப்பது எவ்வளவு நன்றாக இருக்கும் என்று பட்டது. மேனகாவிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் போகமாட்டாள்.

இரண்டு டப்பாக்களும் போய்விட்டன. மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு, செவ்வாயில் அவள் கொஞ்சம் தவிக்கட்டும் என்று நேரம் பார்த்திருந்தபோது வாசல் படலையடியில் மோட்டார் சைக்கிள் கோர்ன் கேட்டது. அண்ணா! முதுகில் கறுப்புப் பை. பைக்குள் லப்டொப்.

"எடி ரொக்கட்! நாளைக்கு விடியப் போயிடுவன். பாக்கோணுமெண்டா இப்ப வா!"

நான் டப்பாவைத் தண்ணீரில் விட்டேன். விட்டபோதே தண்ணீர் குறைந்திருந்தது. மேலே கதவை மூடிவிட்டார்கள். டப்பா கொஞ்சத் தூரம் போய், அதன் அடி சேற்றில் தட்டி, ஒருமுறை சுற்றியது. அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் ஓடினேன். பார்த்தேன் என்பதை நேற்றுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.

அண்ணா லப்டொப்பைக் குசினியில் சமையல் மேசையில் வைத்துத் திறந்தான். வாழ்க்கையில் முதன்முதலாக நான் கட்டளை எழுதியது அன்றைக்கு. அண்ணா சொல்லச் சொல்ல இரண்டே வரி. என் பெயரை எழுது, திரும்ப எழுது. பொத்தானை அமத்தியதும் என் பெயர் திரையின் மேலிருந்து கீழே கொட்டத் தொடங்கியது. வரிக்கு வரி, வரிக்கு வரி, வாய்க்கால் திறந்ததுபோல.

"எப்ப நிக்கும், அண்ணா?"

"நிக்காது. அதுக்கு நிக்கத் தெரியாது. நீதான் நிப்பாட்டோணும்."

நான் நிறுத்தவில்லை. கைதட்டிச் சிரித்தேன். என் பெயர் இத்தனை தடவை எங்கேயும் எழுதப்பட்டதில்லை. அம்மா தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தா, திரையைப் பார்த்தா, "இதென்ன, கரண்டுக்குக் கேடு" என்றுவிட்டுப் போனா. அண்ணா இன்னொன்று காட்டினான். பிறகு இன்னொன்று. நான் நிமிர்ந்து பார்த்தபோது குசினி ஜன்னலில் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. படலையில் யாரோ கூப்பிட்டார்கள்.

மேனகாவின் அம்மா. கிளிநொச்சியிலிருந்து வந்த பஸ்ஸால் இறங்கி வீட்டுக்குப் போய்விட்டு, தோளில் மாட்டிய பையைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தா. பைக்குள்ளிருந்து படச் சட்டத்தின் மூலை துருத்திக்கொண்டு நின்றது.

"ஐயா, புள்ள இங்க வந்துச்சுங்களா?" என்று அப்பாவைக் கேட்டா.

அப்பா என்னைப் பார்த்தார். "கடைசி மதகு" என்றேன். அந்த நேரத்தில் காட்டிலிருந்து யானைகள் தண்ணீர் தேடி வந்து இறங்குகிற இடம் அதுதான். அப்பா ரோச் லைற்றையும், யானைக்குக் கொளுத்திப் போடுகிற வெடி இரண்டையும் எடுத்துக்கொண்டு வரம்பில் இறங்கினார். பின்னால் மேனகாவின் அம்மா. அவவுக்குப் பின்னால் நான். அண்ணா மோட்டார் சைக்கிளில் ஒழுங்கையால் சுற்றிப் போனான்.

எங்கள் மதகிலிருந்து நாற்பது அடி போயிருக்கமாட்டோம். ரோச் வெளிச்சத்தில் சேற்றின் நடுவே மாஜரீன் டப்பா குந்தியிருந்தது, மூடி கழலாமல். அப்பாவுக்கு அது என்னவென்று தெரியாது. கடந்து போனார். நானும் கடந்து போனேன்.

மேனகா மதகின் மேல் கால்களை மடக்கிக்கொண்டு, மடியில் கொப்பியோடு இருந்தாள். வெளிச்சம் முகத்தில் பட்டதும் கண்ணைச் சுருக்கினாள்; எழும்பி ஓடி வரவில்லை. நான் வந்ததைப் பார்த்த பிறகுதான் கால்களை இறக்கினாள். கட்டளை வந்துவிட்டது என்று நினைத்திருப்பாள்.

அவளுடைய அம்மா அடிப்பா என்று எதிர்பார்த்தேன். அடிக்கவில்லை. பக்கத்தில் போய், தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தா.

"ஏன் புள்ள வரல?"

"பொறு எண்டு எழுதி இருந்தது, அம்மா."

"எவ்வளவு நேரத்துக்கு?"

"அது எழுதி இருக்கேல்ல."

"வராட்டி எழும்பி வந்துரணும் புள்ள. யாரோ எதுவோ சொன்னாங்கன்னு இருட்டுற வரைக்கும் ஒரே எடத்துல இப்படியா ஒக்காந்து..."

"நீங்களும் இருக்கிறீங்கள்தானே, அம்மா" என்றாள் மேனகா. எதிர்த்துச் சொல்லவில்லை. தெரிந்த ஒன்றை ஞாபகப்படுத்துகிற மாதிரித்தான் சொன்னாள்.

மேனகாவின் அம்மாவின் கை மகளின் தலையிலேயே நின்றது. அப்பா ரோச்சை அவர்களிடமிருந்து திருப்பி, தண்ணீர் இல்லாத வாய்க்காலுக்குள் அடித்துக்கொண்டு நின்றார், அங்கே எதையோ தேடுவதுபோல. தூரத்தில் அண்ணாவின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. அப்பா அப்படித் திரும்பி நின்றது என் மீதான கோபம் என்றுதான் நான் நினைத்தேன். வீட்டுக்குப் போனதும் அடி விழும் என்று வழிநெடுக என் முதுகைத் தயார்படுத்திக்கொண்டு நடந்தேன். அடியும் விழவில்லை, ஏச்சும் விழவில்லை. அப்பா கால் கழுவிவிட்டு, சாப்பிடாமல் போய்ப் படுத்தார். அது எனக்கு இன்னும் குழப்பமாக இருந்தது.

கொப்பியை மேனகா என்னிடம் தந்திருந்தாள். மணிக்கூட்டையும் கழற்றித் தந்திருந்தாள். கட்டிலில் இருந்து படித்தேன். பத்து நிமிடத்துக்கு ஒரு வரி; அவற்றில் சில இப்படி:

"4.10. தண்ணி குறையுது. கொக்கு ரெண்டு. கட்டளை இல்லை.

4.20. கட்டளை இல்லை.

4.30. தண்ணி கணுக்காலுக்குக் கீழ. கட்டளை இல்லை.

5.00. தண்ணி நிண்டிட்டுது. தண்ணி இல்லாமல் கட்டளை வராது. பொறுத்திருக்கிறன்.

5.40. காட்டுக்குள்ள கொப்பு முறியிற சத்தம். கட்டளை இல்லை.

6.10. எழுத்துத் தெரியேல்ல."

அந்த ஐந்து மணி வரியை அன்றைக்கு எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல முடியாது. தண்ணீர் நின்றுவிட்டது. கட்டளை இனி வராது என்று அவளுக்கே தெரிந்திருக்கிறது. எழுதியும் வைத்திருக்கிறாள். பிறகும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருந்திருக்கிறாள். அன்றைய எனக்கு இதற்கு ஒரே ஒரு விளக்கம்தான் கிடைத்தது: மேனகா உலகத்திலேயே சிறந்த கப்பல். சொல்ல வெட்கமாக இருக்கிறது, கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. என்னுடைய மொழியில் பிழையில்லை, வாய்க்காலில்தான் பிழை.

மாரி மழை வந்தது. வாய்க்கால் நிறைந்தது. நான் டப்பா எடுத்துக்கொண்டு போகவில்லை. மேனகாவும் வரவில்லை; எங்களை ஒருவரும் தடுக்கவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். அடுத்த தையில் என்னைப் பெரியம்மா வீட்டில் விட்டு வவுனியாவில் படிக்க வைப்பதென்று முடிவாயிற்று. பெட்டி கட்டினேன், கொப்பியை அடியில் வைத்தேன், பஸ் ஏறினேன். போகிறேன் என்று மேனகாவுக்குச் சொல்லவில்லை. பஸ் மாங்குளம் தாண்டும்போது அது ஞாபகம் வந்தது. லீவுக்கு வரும்போது சொல்லலாம் என்று நினைத்தேன். லீவுகளில் வகுப்புகள் வந்தன. பிறகு பரீட்சைகள். பிறகு கம்பஸ்.

கம்பஸில் கதைக்க ஆட்கள் இருக்கிறார்கள். எந்த மொழி வேகம், எந்த மொழி பாதுகாப்பு, செவ்வாயில் முதலில் யார் இறங்குவார் என்று கன்ரீனில் மேசையைத் தட்டித் தட்டிச் சண்டை பிடிக்கிறோம். நான் நன்றாகவே சண்டை பிடிப்பேன். ஆனால் திரும்பி அறைக்கு வந்தால், பனையில் முட்டி நின்று ஒன்பது அடி நடந்து காட்ட அங்கே ஒருவரும் இல்லை என்பது தெரியும். இவர்கள் எல்லாரும் பூமிகள். கப்பலாக ஒருவரும் வரமாட்டார்கள்.

இந்த வருடம் எங்களுக்கு ஒரு செயற்திட்டம். நான் ஒரு சின்ன மொழி எழுதிக்கொண்டிருக்கிறேன். தூரத்தில் இருக்கிற இயந்திரங்களுக்குக் கட்டளை அனுப்புவதற்கான மொழி. அதில் "பொறு" என்று எழுதினால் எவ்வளவு நேரம் என்றும், அந்த நேரம் கடந்தால் என்ன செய்வது என்றும் எழுதியே ஆகவேண்டும். எழுதாவிட்டால் ஏற்காது, "எவ்வளவு நேரம்?" என்று கேட்டுவிட்டு நின்றுவிடும். விரிவுரையாளர் பார்த்துவிட்டு, இந்த யோசனை எங்கே பிடித்தது என்று கேட்டார். "வாய்க்காலில், சேர்" என்றேன். பகிடி என்று நினைத்துச் சிரித்தார்.

"எவ்வளவு நேரம்?" என்று கேட்கிற அந்தப் பிழைச் செய்தியை எழுதிய பின்னேரம்தான் பழைய கொப்பியை எடுத்துப் பார்த்தேன். 5.00. தண்ணி இல்லாமல் கட்டளை வராது. பொறுத்திருக்கிறன். எழும்பிப் போன பிறகு வந்தால் எங்கே தேடுவார் என்று கேட்கிற வீட்டில் வளர்ந்த பிள்ளை எழுதிய வரி அது. வராது என்று தெரிவதும் எழும்பிப் போவதும் அந்த வீட்டில் இரண்டு வேறு வேறு விசயங்கள். அன்றைக்கு மதகடியில் என்னைத் தவிர எல்லாருக்கும் அது தெரிந்திருந்தது. அப்பா ரோச்சைத் திருப்பியது அதனால்தான். நான்தான் என் முதுகைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

மேனகா இப்போது ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள் என்று அம்மா சொன்னா. விடிய நாலரைக்கு வீதியில் நின்று பஸ் ஏறுவாளாம். வீடு அதே மேட்டுக்காணியில்தான். அவளுடைய அம்மா செவ்வாயும் வெள்ளியும் இப்போதும் போகிறாவாம். அம்மாவிடம் நம்பரை வாங்கினேன். மூன்று நாள் யோசித்து, எழுதி, அழித்து, இன்று காலை அனுப்பினேன்.

"மேனகா, நான்தான் ரொக்கட். வாற கிழமை சிறுபோகத்துக்குத் தண்ணி திறக்கினம். ஞாயிறு எங்கட முறை. நான் வீட்டை வாறன். எங்கட மதகில ஒரு மாஜரீன் டப்பாவும் கொப்பியும் பேனையும் வைச்சிருப்பன். இந்தமுறை நீ பூமி, நான் கப்பல். விடியவே கடைசி மதகில போய் இருப்பன். அண்டைக்கு மூண்டாவது டப்பா சேத்தில தட்டினதை நான் கண்டனான். கண்டுபோட்டுத்தான் ஓடினனான். நீ என்ன எழுதி அனுப்பினாலும் அதைச் செய்வன். பொறுத்திருக்கிறன்."

செய்திக்குப் பக்கத்தில் இன்னும் ஒரு சரி அடையாளம்தான் விழுந்திருக்கிறது, அவளுடைய போனுக்குப் போய்ச்சேரவில்லை. வேலை நேரத்தில் போனைப் பூட்டி வைத்திருப்பாளாக இருக்கும். நான் பஸ்ஸுக்கு இடம் பிடித்துவிட்டேன்.

எவ்வளவு நேரம் என்று அதில் எழுதவில்லை. அனுப்பின பிறகுதான் கவனித்தேன். என்னுடைய மொழியில் அது பிழை, ஏற்காது. திருத்தி அனுப்பலாமா என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு போனை வைத்துவிட்டு, பழைய கொப்பியைப் பைக்குள் எடுத்து வைத்தேன். 6.10க்குப் பிறகு அதில் நிறைய வெறும் தாள்கள் இருக்கின்றன.